பையன்கள் போய்விடுவார்கள், அணி இருக்க வேண்டும்

பினாங்கின் பாயான் பாருவில் 18 வருடமாகக் குடியிருக்கிறேன். இங்கே சாயங்கால மழையின் கணக்கு எனக்கு அத்துப்படி. நாலு மணிக்கு ரெலாவ் மலைப்பக்கம் கறுத்தால் ஐந்தரைக்குத் திடலில் தண்ணீர் நிற்கும். 2022இல் அப்படி மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில்தான் அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, உங்க பழைய பூட் இருக்கா? இன்னிக்கு மேட்ச். ஒருத்தன் ஸ்லிப்பர் போட்டுட்டு வந்து நிக்கிறான்."

எடுத்துக்கொண்டு போனேன். அவன் படித்துக்கொண்டிருந்த தனியார் கல்லூரியின் காற்பந்து அணி அது. பதினோரு பேர் நிற்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேர் நின்றார்கள். கோல் கம்பத்தின் கீழே நின்ற பையன் அதுவரை கைப்பந்து மட்டுமே ஆடியவன். எதிரணியினர் நல்ல மனதோடு தங்கள் ஆள் இரண்டு பேரைக் கொடுத்தார்கள். அப்படியும் 9–0.

தோற்றது என்னை உறுத்தவில்லை. ஆட்டம் முடிந்து பையன்கள் புல்லில் உட்கார்ந்திருந்தபோது நான் ஒரு கேள்வி கேட்டேன். "போன வருஷம் இந்த டீம்ல ஆடினவங்க யாரெல்லாம் இருக்கீங்க?" ஒரு கைகூட உயரவில்லை. அதுதான் உறுத்தியது. அதற்கு முந்தைய வருடம்? அதற்கும் யாரும் இல்லை.

காரணம் எளிது. 2020 மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. திடல்கள் பூட்டப்பட்டன. 2018இலும் 2019இலும் சேர்ந்த பையன்கள் டிப்ளோமா முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். 2020இல் சேர்ந்தவர்கள் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து படித்தார்கள். கல்லூரி அணியில் ஒரு தலைமுறை என்பதே மூன்று வருடம்தான். இரண்டு வருடம் திடல் பூட்டிக் கிடந்தால், சொல்லிக்கொடுக்க வேண்டிய அண்ணனும் கற்றுக்கொள்ள வேண்டிய தம்பியும் சந்திக்காமலே போய்விடுகிறார்கள். எந்தத் திடலை எப்படிப் பதிவு செய்வது, எந்த நடுவரைக் கூப்பிடுவது, பந்துகள் எந்த அறையில் இருக்கின்றன, கார்னர் கிக் வந்தால் யார் எங்கே நிற்பது என்று எதுவுமே அந்த எட்டுப் பேருக்குத் தெரியவில்லை. கல்லூரிப் பலகையில் அணியின் பெயர் இருந்தது. அணி இல்லை.

அன்றைக்குத் தொடங்கி மூன்று வருடம் அந்தப் பையன்களோடு இருந்தேன். நான் பயிற்றுநர் சான்றிதழ் வாங்கியவன் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டெக்னீஷியன் வேலை. இடைநிலைப்பள்ளியில் இடது தற்காப்பு ஆடியவன். இந்த மூன்று வருடத்தில் கண்டதையும், படித்து அறிந்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் இன்னொரு கல்லூரிக்கு உதவட்டும்.

நம் கண்ணெதிரே ஏறி இறங்கிய அணிகள்

பாயான் பாருவிலிருந்து ஜார்ஜ் டவுன் பக்கம் போனால் குளுகோர் வருகிறது. மேட்டின்மேல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். நாம் எல்லாரும் யு.எஸ்.எம். என்று சொல்கிறோம். 1969இல் தொடங்கியது. அதன் மிண்டன் வளாகம் முன்பு ஆங்கிலேயர்களின் ராணுவ முகாமாக இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஓர் அணி 2011இல் மலேசிய பிரிமியர் லீக்கில் ஆடியது. அப்போது நாட்டின் இரண்டாம் நிலை லீக் அது. நம் தீவிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் அந்த உயரத்துக்குப் போனது என்று இன்றைக்குப் படிக்கும் பையன்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். லீக் அட்டவணையில் அந்தப் பெயர் இப்போது இல்லை.

ஷா ஆலமில் உள்ள யு.ஐ.டி.எம். இன்னும் ஒரு படி மேலே போனது. 2020இல் மலேசிய சூப்பர் லீக்கில் ஆடிய முதல் பல்கலைக்கழக அணி அதுதான். கொவிட் காரணமாக அந்தப் பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 11 ஆட்டங்கள் மட்டுமே. ஜெர்மானியப் பயிற்றுநர் பிராங்க் பெர்ன்ஹார்ட் தலைமையில் அவர்கள் 12 அணிகளில் 6ஆம் இடம் பிடித்தார்கள். மாநில அணிகளையும் பணம் படைத்த கிளப்புகளையும் பின்னுக்குத் தள்ளிய பல்கலைக்கழக அணி! அடுத்த வருடம், 2021இல், அதே அணி கடைசி இடத்தில் முடிந்து கீழே இறங்கியது. 2023இல் பிரிமியர் லீக் எடுக்கப்பட்டு சூப்பர் லீக் 14 அணிகளாக விரிந்தபோது அதில் அவர்கள் இல்லை.

நம் பினாங்கு மாநில அணியின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. மலேசியக் கிண்ணத்தை 1953, 1954, 1958, 1974 என்று நான்கு முறை வென்ற மாநிலம் இது. லீக் பட்டத்தை 1982, 1998, 2001 ஆகிய வருடங்களில் வென்றது. அப்படிப்பட்ட அணி 2013இல் மூன்றாம் நிலையான எஃப்.ஏ.எம். லீக்கில் ஆடியது. அங்கிருந்து ஏறி 2016இல் சூப்பர் லீக்குக்கு வந்தது. அந்த வருடம் பிப்ரவரி 16ஆம் தேதி சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்குக்கு எதிராக முகமட் ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக்கை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கமாகப் போன பந்து நடுவானில் மனம் மாறியது போல மறுபக்கம் திரும்பி வலைக்குள் போனது. அந்தக் கோலுக்குத்தான் ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது கிடைத்தது. 2017 ஜனவரியில் அவர் சூரிக் மேடையில் நின்று அதை வாங்கினார்.

அந்த 2017ஆம் வருடமே பினாங்கு அணி சூப்பர் லீக்கில் கடைசி இடத்தில் முடிந்து கீழே இறங்கியது. உலகத்தின் மிக அழகான கோலை அடித்த அணி என்ற பெருமையால் அடுத்த பருவத்தில் ஒரு புள்ளிகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. பிறகு 2020இல் மன்சூர் அஸ்விரா பயிற்றுநராக இருந்தபோது பிரிமியர் லீக்கை வென்று மேலே வந்தார்கள். 2021இல் தோமாஸ் துருக்கா தலைமையில் சூப்பர் லீக்கில் 3ஆம் இடம். சிட்டி ஸ்டேடியத்தின் பழைய முழக்கம் திரும்பி வந்துவிட்டது என்று நாங்கள் எல்லாரும் பேசினோம். 2022இல் மறுபடி அட்டவணையின் அடியில்.

மேலே ஏறுவதை இந்த அணிகள் எல்லாமே ஒருமுறையாவது செய்து காட்டிவிட்டன. ஒரு நல்ல வருடத்தை அடுத்த வருடத்துக்குக் கடத்துவதில்தான் சிக்கல். சம்பளம் கொடுத்து ஆட்டக்காரரை வைத்திருக்கும் அணிகளுக்கே இப்படி என்றால், மூன்று வருடத்தில் எல்லாரும் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும் கல்லூரி அணிக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கான்சாஸில் ஒரு மனிதர்

இந்த வேலையைத் தொடங்கியபோது, உலகத்தில் எங்காவது ஒரு மோசமான கல்லூரி அணியை யாராவது நிமிர்த்தி, நிமிர்ந்தபடியே பல வருடம் வைத்திருக்கிறார்களா என்று தேடிப் படித்தேன். நல்ல உதாரணம் அமெரிக்காவில் கிடைத்தது. அவர்கள் ஆடும் ஆட்டம் வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் கல்லூரி அணியின் நோய் எல்லா ஆட்டத்துக்கும் ஒன்றுதான்.

கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் 1980களின் கடைசியில் அமெரிக்காவிலேயே மிக மோசமான அணி என்று பெயர் வாங்கியிருந்தது. 1987, 1988 என்று இரண்டு வருடம் முழுக்க ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. 1989இல் பில் ஸ்னைடர் என்பவர் தலைமைப் பயிற்றுநராக வந்தார். அவருடைய முதல் வருடக் கணக்கு: 11 ஆட்டத்தில் ஒரு வெற்றி, 10 தோல்வி. அடுத்த வருடம் 5 வெற்றி. அதற்கடுத்த வருடம் 7. 1998இல் வழக்கமான பருவத்தின் 11 ஆட்டங்களையும் வென்றார்கள். இடையில் சில வருடம் ஓய்வு எடுத்துக்கொண்டு 2009இல் திரும்பி வந்து 2018 வரை இருந்தார். மொத்தம் 27 பருவங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்துக்கு இன்று அவர் குடும்பத்தின் பெயர்.

அவர் செய்தவற்றில் மூன்று விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒன்று, பெரிய கல்லூரிகள் தேடிப் போகாத இடங்களில் ஆள் எடுத்தார். அக்கம்பக்கத்து இரண்டு வருடக் கல்லூரிகளிலிருந்து பையன்களைக் கொண்டுவந்தார். உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து கதவைத் தட்டிய உள்ளூர்ப் பையன்களையும் சேர்த்துக்கொண்டார். அப்படி வந்தவர்தான் பக்கத்து ஊர் விவசாயக் குடும்பத்துப் பையன் ஜோர்டி நெல்சன். பிற்பாடு தொழில்முறை லீக்கில் பெரிய பெயர் எடுத்தார். இரண்டாவது, பருவத்தின் தொடக்கத்தில் தன் அணியால் வெல்ல முடிகிற எதிரணிகளோடு ஆட்டங்களை அமைத்துக்கொண்டார். அதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் தோற்றுத் தோற்றே பழகிய பையன்களுக்கு, முன்னணியில் இருக்கும்போது கடைசிப் பத்து நிமிடத்தை எப்படி ஆடுவது என்பதையும் கற்றுக்கொடுத்தாக வேண்டும். மூன்றாவது, அவர் அங்கேயே இருந்தார். ஆட்டக்காரர்கள் வந்து போனார்கள், அவர் இருந்தார்.

அந்தப் பல்கலைக்கழகத்திடம் இருந்த பணம் நம்மிடம் கிடையாது. ஆனால் இந்த மூன்று விஷயத்தில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை.

210 மணி நேரம்

ஒரு நாள் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தூக்கம் வராமல் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். மூன்று வருட டிப்ளோமாவில் ஆறு செமஸ்டர். கடைசி செமஸ்டர் தொழிற்பயிற்சிக்குப் போய்விடுகிறது, மிச்சம் ஐந்து. ஒரு செமஸ்டருக்கு 14 வாரம் வகுப்பு. வாரம் இரண்டு பயிற்சி, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். மழையே பெய்யாமல், யாருக்கும் காய்ச்சல் வராமல் இருந்தால் 140 பயிற்சி, 210 மணி நேரம். ஒரு பையன் கல்லூரி அணிக்குக் கொடுக்கக்கூடிய முழு நேரமும் அவ்வளவுதான். ஒன்பது நாள்கூட ஆகாது.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் என் யோசனையே மாறிப்போனது. 210 மணி நேரத்தில் யாரையும் பெரிய ஆட்டக்காரனாக்க முடியாது. பந்தை நிறுத்தவும் திரும்பவும் பார்த்துக் கொடுக்கவும் அவன் பத்து வயதில் கற்றிருக்க வேண்டும். கல்லூரியால் முடிந்தது, வருகிறவனுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுப்பதும், போகிறவனிடமிருந்து அவன் கற்றதை வாங்கி வைத்துக்கொள்வதும். ஆகவே அணியைக் கட்டுவது என்றால், ஆட்கள் போன பிறகும் மிஞ்சுகிற விஷயங்களைக் கட்டுவது.

அப்படி நாங்கள் கட்டியவை இவை.

முதலில் ஒரு நீல அட்டை நோட்டுப் புத்தகம். மார்க்கெட் எதிரில் இருந்த கடையில் வாங்கியது. ஒவ்வொரு பயிற்சிக்கும் யார் வந்தார்கள், என்ன பயிற்சி செய்தோம், எது சரிவரவில்லை என்று கேப்டன் தன் கையால் எழுத வேண்டும். பின்பக்கத்தில் நடுவர்களின் எண்கள், திடல் பதிவு செய்யும் முறை, மழைக்குப் பிறகு எந்தக் கோல் முனையில் தண்ணீர் நிற்கும் என்கிற குறிப்பு, எதிரணிகளைப் பற்றி இரண்டு இரண்டு வரி. வாட்ஸ்அப் குழு போதாதா என்று பையன்கள் கேட்டார்கள். பழைய குழு என்ன ஆனது என்று திருப்பிக் கேட்டேன். அதை வைத்திருந்த அண்ணன் வேலைக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டார், குழுவும் போய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் நோட்டை மறுக்கவில்லை.

அடுத்து, கேப்டனை இரண்டாம் வருடப் பையன்களிலிருந்து எடுப்பது, துணைக் கேப்டனை முதல் வருடப் பையன்களிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்தோம். அணியில் நன்றாக ஆடுகிறவன் மூன்றாம் வருடத்தில் இருப்பான். அவனைக் கேப்டனாக்கினால் ஆறு மாதத்தில் தொழிற்பயிற்சிக்குப் போய்விடுவான். துணைக் கேப்டன் ஒரு வருடம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் பொறுப்புக்கு வந்தால் கைமாறுவது சுலபம்.

பயிற்சி நாளை மாற்றினோம். முன்பு சனி, ஞாயிறு என்று இருந்தது. ஆனால் வார இறுதியில் பாதிப் பேர் குயின்ஸ்பே மாலில் பகுதிநேர வேலைக்குப் போகிறார்கள். சிலர் மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்கிறார்கள். கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்தப் பணத்தில்தான் கட்டுகிறார்கள். அவர்களைப் பார்த்து ஆர்வம் இல்லை என்று திட்டுவது பாவம். திங்கள், வியாழன் ஐந்தரை மணி என்று வைத்தோம். மஃரிப் தொழுகைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். அதனால் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு நிமிடம் வீணாக்கக் கூடாது என்ற பழக்கமும் தானாக வந்தது. நோன்பு மாதத்தில் தராவீஹ் தொழுகை முடிந்து இரவு பத்து மணிக்கு விளக்கு உள்ள புட்சால் கூடத்தில் ஒரு மணி நேரம். மலாய்ப் பையன்கள் மட்டும் வருவார்கள் என்று நினைத்தேன். எல்லாருமே வந்தார்கள்.

ஸ்னைடரிடம் கற்றதையும் செய்து பார்த்தோம். முதல் வருடம் எந்தப் போட்டியிலும் பதிந்துகொள்ளவில்லை. எங்கள் நிலையில் இருந்த அணிகளோடு மட்டும் நட்பு ஆட்டம் ஆடினோம். ஒரு தொழிற்சாலையின் மூத்தோர் அணி, ஓர் இடைநிலைப்பள்ளியின் 18 வயதுக்குட்பட்ட அணி, ஒரு தாமான் இளைஞர் குழு. முதல் நான்கு ஆட்டமும் தோல்வி, ஆனால் ஒரு கோல், இரண்டு கோல் வித்தியாசத்தில். ஐந்தாவது ஆட்டம் 1–1. அன்றைக்கு அந்தப் பையன்கள் மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் கிண்ணம் வென்றுவிட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். ஏழாவது ஆட்டத்தில் வென்றோம்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு மாதம் 10 வெள்ளி. கொடுக்க முடியாதவன் பந்துக்குக் காற்றடிப்பதும் பிப் துவைப்பதும் செய்வான், அதுவும் சந்தாதான். வரவு செலவு முழுக்க அந்த நோட்டின் நடுப்பக்கத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கும். கணக்கு மறைவாக இருக்கும் அணியில் சந்தேகம் வரும், சந்தேகம் வந்த இடத்தில் பையன்கள் பந்தைக்கூடப் பகிர்ந்து கொடுக்க மாட்டார்கள்.

ஓர் அம்மாவின் போன்

நம் பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அணியில் 22 பேர் பெயர் கொடுத்தபோது அதில் ஆறு பேர் தமிழர்கள். ஒரு மாதத்தில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். காரணம் கேட்டால் பதில் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவனின் அம்மாவே எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இவன் அப்பா இல்லாத பிள்ளை. நான் ரெண்டு இடத்துல வேலை செஞ்சு படிக்க வைக்கிறேன். பந்து உதைக்கிறவன் சோறு சாப்பிட முடியுமா? டிப்ளோமா முடிக்கட்டும், அப்புறம் ஆடட்டும்."

அந்தத் தாய் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. "அக்கா, நீங்க சொல்றது நியாயம். ஒரு செமஸ்டர் மட்டும் விடுங்க. அவன் மார்க் குறைஞ்சா நானே அவனைக் கொண்டுவந்து உங்க வீட்டுல விடறேன்" என்றேன். அன்றைக்கே நோட்டில் இன்னொரு பக்கம் சேர்ந்தது. ஒவ்வொருவனின் செமஸ்டர் மதிப்பெண்ணும் அங்கே எழுதப்படும். குறைந்தவனை அணியிலிருந்து நீக்க மாட்டோம். வியாழன் பயிற்சிக்கு முன் ஒரு மணி நேரம் மூத்த பையன் ஒருவன் அவனோடு உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டும். ஒரு விரிவுரையாளர் தானாக முன்வந்து அதற்கு வகுப்பறைச் சாவியைக் கொடுத்தார். அந்தப் பையனின் மதிப்பெண் குறையவில்லை. செமஸ்டர் முடிவில் அம்மா திடலுக்கு வந்தார், ஒரு டப்பா நிறைய எலுமிச்சைச் சாதத்தோடு.

நான் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். லயத்துக்கு முன்னால் திடல் இருந்தது. வேலை முடிந்து வந்த அப்பாக்களும் பள்ளி முடிந்து வந்த பிள்ளைகளும் ஒரே திடலில்தான் ஆடினோம். யாரும் யாருக்கும் பயிற்சி கொடுக்கவில்லை, பார்த்தே கற்றோம். இந்த நாட்டின் காற்பந்தில் தமிழர் பெயர்கள் நிறைந்திருந்த காலம் ஒன்று உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணிக்குக் கேப்டனாக இருந்தவர் எம். சந்திரன். கோல் கம்பத்தின் கீழே 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடியவர் ஆர். ஆறுமுகம். 2010இல் இந்தோனேசியாவை வீழ்த்தி மலேசியா முதன்முறையாக ஏ.எஃப்.எஃப். சுசுகி கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநராக நின்றவர் கே. ராஜகோபால்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தபோது லயத்தோடு சேர்ந்து அந்தத் திடலும் போய்விட்டது. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நல்ல திடல் உள்ள பள்ளிப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்கள் சிமெண்டுத் தரையில் ஆடி வளர்கிறார்கள். பத்து வயதில் புல்லில் ஆடாத பையனிடம் இருபது வயதில் எதைத் தேடுவது? ஆகவே மூன்றாவது வருடம் நாங்கள் இன்னொரு காரியம் தொடங்கினோம். மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வேலை இல்லாத ஐந்தாறு பையன்கள் பந்துகளை எடுத்துக்கொண்டு பொதுத் திடலுக்குப் போவார்கள். சுற்றுவட்டாரப் பிள்ளைகள் யார் வந்தாலும் இரண்டு மணி நேரம் ஆடலாம். தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். கற்றுக்கொடுக்கப் போன என் பையன்கள்தான் அதிகம் கற்றார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரிந்தவன் திடலில் தன் சக ஆட்டக்காரனிடம் கத்துவதை விட்டுவிடுகிறான்.

என்ன வென்றோம்

கிண்ணம் எதுவும் வெல்லவில்லை. இரண்டாம் வருடம் கல்லூரிகளுக்கிடையிலான ஒரு போட்டியில் முதல் சுற்றோடு திரும்பினோம். மூன்றாம் வருடம் காலிறுதி வரை போய், பெனால்டியில் தோற்றோம். 9–0இல் தொடங்கிய அணிக்கு அது சிறிய விஷயம் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் இந்த வேலை பலித்தது என்று எனக்குத் தெரிந்த நாள் வேறு. 2025இல் அக்கா மகனும் அவன் செட்டுப் பையன்களும் படிப்பு முடித்துக் கிளம்பினார்கள். ஸ்லிப்பரோடு வந்து நின்று என் பழைய பூட்டைப் போட்டு ஆடியவன் இப்போது குலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவர்கள் போன பிறகு அணி மறுபடி கலைந்துவிடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. புது செமஸ்டர் தொடங்கிய முதல் திங்கட்கிழமை எனக்கு ராத்திரி ஷிப்ட். யாரையும் நான் கூப்பிடவில்லை, யாருக்கும் நினைவூட்டவில்லை. வேலைக்குப் போகும் வழியில் திடல் பக்கம் மோட்டாரை நிறுத்தினேன்.

மணி ஐந்து முப்பத்தைந்து. மழை பெய்து நின்றிருந்தது. வடக்குக் கோல் முனையில் தண்ணீர் தேங்கியிருந்ததால் கூம்புகளைத் தெற்குப் பக்கமாக வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்பு நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. பதினேழு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஓரத்தில் புதுக் கேப்டன் நீல நோட்டை ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையின் மேல் வைத்துக்கொண்டு பெயர் எழுதிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் முதல் வருடப் பையன் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கிப் போய்ப் பேசவில்லை. அப்படியே வேலைக்குப் போனேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கல்லூரி அணியில், பள்ளி அணியில் ஆடியவர்களாக இருப்பீர்கள். உங்கள் அணி இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பணம் கொடுக்க வேண்டாம், பயிற்சி கொடுக்கவும் வேண்டாம். நீங்கள் ஆடிய காலத்தில் உங்களுக்குத் தெரிந்திருந்ததை ஒரு நோட்டில் எழுதி, இப்போது ஆடும் பையன்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டில் பிள்ளை பந்து ஆட ஆசைப்பட்டால் ஒரு செமஸ்டர் விட்டுப் பாருங்கள். பாயான் பாரு வட்டாரத்தில் இருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்து வாருங்கள். பூட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொடுக்க எங்களிடம் பழையது இருக்கிறது.